மறு: மறு: ஜாயின்ட் அட்டென்ஷனுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

த.செ., திருச்சி. திங்கள் காலை

நண்பர்களே, தலைப்பிலேயே அவசரத்தைப் போட்டுவிட்டேன், கோபிக்க வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான 40 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். சின்னக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகளை எப்படிக் கவனிப்பது என்பதுதான் விஷயம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்றதெல்லாம் ஓடிவிட்டது, இந்த ஒரு சொல்லில் இரண்டு நாளாக வண்டி நிற்கிறது.

பொருள் இதுதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறோம். தெருவில் நாய் போகிறது. குழந்தை நாயைப் பார்த்து விரலை நீட்டும், சட்டென்று திரும்பி நம் முகத்தைப் பார்க்கும், நீயும் பார்த்தாயா என்பதுபோல, அப்புறம் மறுபடி நாய். ஒன்பது பத்து மாத வாக்கில் துளிர்த்து, ஒன்றரை வயதுக்குள் நன்றாகத் தெரிந்துவிட வேண்டிய பழக்கம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இது தாமதமாக வரும், அல்லது அரிதாக வரும். இன்னும் பேச்சு வரவில்லையே என்று வீட்டில் கவலைப்பட ஆரம்பிப்பதற்கு முன்பே கண்ணில் படக்கூடிய அடையாளம் என்பதால்தான் இதற்கு இத்தனை மதிப்பு. எம்-சேட் என்ற வினாப்பட்டியலில் (16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, 20 கேள்விகள்) முதல் கேள்வியே இதுதான்: அறையின் அந்தப் பக்கம் இருக்கும் ஒன்றை நீங்கள் சுட்டிக்காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா?

நான் 'கூட்டுக் கவனம்' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர், 'கூட்டத்தில் பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதா?' என்று ஓரத்தில் எழுதி அனுப்பிவிட்டார். உதவுங்கள்.

க.வே., பெங்களூரு. திங்கள் மாலை

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? இணைக்கவனம். இணையம், இணைப்பு, இணையர் என்று ஏற்கெனவே ஒரு குடும்பமே இருக்கிறது, அதில் இன்னொரு பிள்ளை. கலைச்சொல் என்றால் அதிலிருந்து நாலு சொல் பிறக்க வேண்டும்: இணைக்கவனத் திறன், இணைக்கவனப் பயிற்சி, இணைக்கவனக் குறைவு. வாக்கியத்தைச் சொல்லாக்கினால் இதெல்லாம் வராது. 'கவனம்' தமிழ்தானா என்ற பழைய வழக்கைத் தயவுசெய்து யாரும் திறக்க வேண்டாம், 2 வருடம் முன்பு அதில் மூன்று பேர் குழுவைவிட்டுப் போனார்கள்.

புலவர், கும்பகோணம். செவ்வாய் விடியற்காலை

திறக்கவில்லை. ஆனால் 'இணை' என்பதை ஒருமுறை யோசியுங்கள் தம்பி. பள்ளிக் கணக்கில் இணைகோடுகள் என்றால் என்ன? எவ்வளவு நீட்டினாலும் ஒன்றையொன்று சந்திக்காத கோடுகள். தாயும் சேயும் ஒரே பொருளில் வந்து சந்திப்பதற்கா அந்தப் பெயர்?

வள்ளுவர் 'கண்ணொடு கண்இணை நோக்கொக்கின்' (1100) என்றார். நோக்கு ஒத்தல். அதையொட்டி முதலில் 'ஒத்துநோக்கு' என்று எண்ணினேன், அது ஒப்புநோக்குதலோடு போய் முட்டுகிறது. 'உடன்நோக்கு' கொள்ளலாம். ஆனால் இரவெல்லாம் யோசித்ததில் அதைவிடச் சிறந்த ஒன்று அகப்பட்டது. அம்மையார் சொன்ன காட்சியில் எத்தனை பேர்? குழந்தை, அது தன்மை. தாய், முன்னிலை. நாய், படர்க்கை. மூன்று இடமும் ஒரு நொடியில் கூடுகின்றன. நம் இலக்கணம் இதை எப்போதோ பகுத்து வைத்துவிட்டது. ஆகவே என் சொல்: மூவிடநோக்கு. சுட்டுவிரல் என்று தமிழன் பெயர் வைத்ததும் சும்மா இல்லை. 'அ இ உ அம் மூன்றும் சுட்டு' என்ற தொல்காப்பியர்...

(இதற்குக் கீழே சுடு, சுட்டி, சுட்டிப்பிள்ளை, நெற்றிச்சுட்டி ஆகியவற்றின் வேர் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். நேரமுள்ளவர்கள் படிக்கலாம்.)

ச.ம., யாழ்ப்பாணம். செவ்வாய் பகல்

ஐயா, முதலில் ஒரு சின்னத் திருத்தம். குறளில் வருவது காதலர் இருவர், ஒருவர் கண்ணை மற்றவர் பார்க்கிறார்கள். மூன்றாவது பொருள் அங்கே கிடையாது. கண்ணைப் பார்ப்பது வேறு, கண் போகும் திசையைப் பார்ப்பது வேறு, இந்த இரண்டையும் கலந்துவிட்டால் கையேட்டைப் படிக்கிறவர்கள் பிள்ளையின் தாடையைப் பிடித்து 'என்னைப் பார், என்னைப் பார்' என்று திருப்பிக்கொண்டு இருப்பார்கள். நான் பேச்சு மொழிச் சிகிச்சை செய்கிறவள், அதைக் கன வீடுகளில் பார்த்துவிட்டேன்.

இணைகோடு உங்களுக்குத்தான் சிக்கல். நாங்கள் அதைச் சமாந்தரக் கோடு என்றுதான் படித்தோம், ஆகவே இணைக்கவனம் எங்களுக்கு உறுத்தாது. அதோடு ஆட்டிசம் என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் ஓட்டிசம் என்று எழுதுகிறோம், அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டால் இங்கேயும் கையேடு பயன்படும்.

தொல்காப்பியரின் மூன்று சுட்டில் 'உ' உங்கள் பக்கம் செத்துப்போய்விட்டது. எங்கள் ஊரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 'உது என்ன?' என்றால், கேட்கிறவருக்குக் கிட்ட இருக்கிற பொருளைக் கேட்கிறோம். அதாவது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், உங்களுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அந்தச் சொல்லே வாயில் வரும். புலவர் ஐயாவுக்கு இது பிடிக்கும் என்பதால் எழுதினேன், கலைச்சொல்லுக்காக இல்லை.

உண்மையில் முக்கியமானது வேறொன்று. பிள்ளை விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. அலுமாரியில் பிஸ்கட் டின் இருக்கிறது, எடுத்துத் தா என்று நீட்டுவது ஒன்று. வானத்தில் பிளேன் போகிறது, பாரேன் என்று நீட்டுவது இன்னொன்று; அதில் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை, நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 1975 இல் இருந்தே ஆய்வில் இவற்றைப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் கனபேர் முதல் வகையை எப்படியாவது செய்துவிடுவார்கள். விரல் நீட்டாவிட்டாலும் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டின்மேல் வைப்பார்கள், ஏதோ உங்கள் கை ஒரு கரண்டி மாதிரி. இரண்டாவதுதான் குறைவாக இருக்கும். கையேட்டில் இதைப் பிரிக்கவில்லை என்றால் 'எங்கட பிள்ளை கை காட்டுகிறானே' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கேட்கும் சுட்டல், காட்டும் சுட்டல் என்று வைக்கலாமா?

இன்னொன்று, மூவிடத்தைப் பற்றி. ஐயா விளையாட்டாகச் சொன்னாரோ தெரியாது, இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு 'நான்', 'நீ' இடம் மாறும் என்பதை 1943 இல் ஓட்டிசத்தை விவரித்த மனநல மருத்துவர் கேனரே, தான் பார்த்த 11 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையில் எழுதியிருக்கிறார். தமிழில் அது எப்படி வருமென்றால், தண்ணீர் வேண்டுமென்றால் பிள்ளை வந்து 'உனக்குத் தண்ணி வேணுமா?' என்று நம்மைக் கேட்கும். நாம் கேட்ட கேள்வியை அப்படியே திருப்பித் தருகிறது.

புலவர், கும்பகோணம். செவ்வாய் பகல், பத்து நிமிடம் கழித்து

விளையாட்டாகச் சொல்லவில்லை. பார்த்தீர்களா, மூவிடம் நோய்க்குறியியலிலேயே நிற்கிறது! உகரச் சுட்டுக்கு நன்றி, அதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

க.வே., பெங்களூரு. செவ்வாய் இரவு

கேட்கும் சுட்டல், காட்டும் சுட்டல் நன்றாக இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். இனித் தலைச்சொல்லுக்கு வருவோம். மூவிடநோக்கு அழகு, ஆனால் இதைச் சொன்னால் மூவிடப்பெயர் நடத்திய ஆசிரியரைத் தவிர வேறு யாருக்குப் புரியும்? கலைச்சொல் புரியத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பழகினால் எதுவும் புரியும், மதியிறுக்கம் பழகவில்லையா? கையேட்டில் ஆட்டிசம் என்று ஏன் எழுதுகிறீர்கள், சிங்கப்பூரில் மதியிறுக்கம் என்று செய்தித்தாளிலேயே எழுதுகிறார்கள்.

ம., சென்னை. செவ்வாய் நள்ளிரவு

நான் இந்தக் குழுவில் வருடத்துக்கு ஒரு மடல் போடுகிறவள். என் பையனுக்கு இப்போது 11 வயது.

மதியிறுக்கம் என்று எழுதினால் எழுதுங்கள், என்னால் முடியாது. அவன் மதி இறுகவில்லை. மெட்ரோ நிலையங்களை வரிசையாகவும் தலைகீழாகவும் சொல்வான். சிலர் 'மன இறுக்கம்' என்கிறார்கள், அது எனக்குத்தான் இருக்கிறது. அரசுப் படிவங்களில் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்று பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாடியில் குக்கர் விசில் அடித்தால் முதல் மாடியில் இவன் காதைப் பொத்திக்கொள்கிறான், மிக்சி, பட்டாசு, ஹேண்ட் டிரையர் எல்லாம் இவனுக்கு உடம்பில் அடிவிழுகிற மாதிரி. புற உலகம் வேண்டிய அளவுக்கு மேலேயே அவனுக்குள் வருகிறது. கிரேக்கத்தில் 'தான்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து 1911 இல் சுவிஸ் மனநல மருத்துவர் புளூலர் இதை உண்டாக்கியது மனச்சிதைவுக்காக, குழந்தைகளுக்காகக்கூட இல்லை. மூலச்சொல்லே வேறு வீட்டுச் சட்டை, அதை நாம் மொழிபெயர்த்து இன்னும் இறுக்கமாகத் தைக்கிறோம். ஆட்டிசம் என்றே இருக்கட்டும்.

ஒன்றரை வயதில் அவன் எதையும் எனக்குக் காட்டியதில்லை. குழாயைத் திறக்க வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்துப் போவான், யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது அப்படியே. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், காது சரியில்லையோ என்று பரிசோதனை செய்தோம், காது நன்றாக இருந்தது. பார்த்த மருத்துவர் ஒருவர் ஆம்பளைப் பிள்ளை, லேட்டாகத்தான் பேசும் என்றார், என் மாமியாரும் அதையே சொன்னார், அவர் பையனும் மூன்று வயதில்தான் பேசினாராம். எல்லாரும் 'பேசுகிறானா' என்றுதான் கேட்டார்கள். 'ஏதாவது உனக்குக் காட்டுகிறானா' என்று ஒருவர் கேட்டிருந்தால் எனக்கு ஒன்றேகால் வருடம் மிச்சமாகியிருக்கும்.

நாலு வயதில் மருந்துக்கடையில் நிற்கிறோம். மேலே இரண்டு ஃபேன், ஒன்று சுற்றுகிறது, ஒன்று நின்றுவிட்டது. நின்றதைக் காட்டி என் முகத்தைப் பார்த்தான். கடைக்காரர் பாக்கிச் சில்லறையை நீட்டிக்கொண்டே இருந்தார், நான் வாங்கவில்லை.

நீங்கள் என்ன சொல் வேண்டுமானாலும் வையுங்கள், அந்தக் கேள்வியைக் கேட்க உதவுகிற சொல்லாக இருக்கட்டும்.

த.செ., திருச்சி. புதன் மாலை

ம., உங்கள் மடலைப் படித்தபின் காலையில் நேராக எங்கள் தெரு அங்கன்வாடிக்குப் போனேன். அங்கே இருக்கும் டீச்சரிடம் எல்லாச் சொல்லையும் சொல்லிக் காட்டினேன். தீர்ப்பு:

கூட்டுக் கவனம்: 'பொரியலா?' (கிண்டல்தான், ஆனால் அதற்கப்புறம் என்னாலும் அதைச் சிரிக்காமல் படிக்க முடியவில்லை.)

உடன்நோக்கு: 'உடனே பார்க்கணுமா?'

மூவிடநோக்கு: 'மூணு இடத்துல பார்க்கிறதா, மாறுகண்ணா?' புலவர் ஐயா மன்னிக்கவும்.

இணைக்கவனம்: 'பயிற்சியில சொன்னா எழுதிக்குவோம்.' அதாவது மறந்துவிடுவார்கள்.

விஷயத்தை விளக்கினேன். உடனே சொன்னார்: 'ஓ, புள்ள காட்டிக்காட்டிப் பேசுதான்னு பார்க்கச் சொல்றீங்க.' அவர்கள் அதை எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பெயர்தான் இல்லை. சுட்டல் என்பதும் எடுபடவில்லை, அவருக்கு அது தோசைதான். 'கேட்க நீட்டுற விரல், காட்ட நீட்டுற விரல்னு போடுங்க' என்றார்.

புலவர், கும்பகோணம். வியாழன் விடியற்காலை

மாறுகண் என்றதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் அந்த அம்மையார் வாயில் வந்தது யாருடைய சொல் தெரியுமா? பெரியாழ்வார் நிலாவை அழைக்கும் பாட்டு: 'தன் சிறுக்கைகளால் காட்டிக் காட்டி அழைக்கின்றான்.' அதே பதிகத்தில் இன்னொரு பாட்டில், 'ஒக்கலை மேலிருந்து உன்னையே சுட்டிக் காட்டும் காண்.' ஒக்கலை என்றால் இடுப்பு. தாயின் இடுப்பில் குழந்தை, வானத்தில் நிலா, நீட்டிய விரல். தாய் நிலாவிடம், உன்னைத்தானப்பா காட்டுகிறான், வா என்கிறாள். இந்த இழையின் முதல் மடலில் நாய் நின்ற இடத்தில் நிலா. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒரு பருவமே வைத்தார்கள், அதுவும் ஏறத்தாழ ஒன்றரை வயதுக்கு! ஆகவே 'காட்டிக்காட்டல்' என்று தொழிற்பெயராக்கிக்கொள்ள எனக்குத் தடையில்லை, மூவிடநோக்கை அடைப்பில் தருவீர்களாயின்.

க.வே., பெங்களூரு. வியாழன் காலை

பாட்டு அருமை, ஒத்துக்கொள்கிறேன். சொல் தப்பு. காட்டுவது இதில் பாதிதான். அம்மா திரும்பிப் பார்க்கும் திசையில் குழந்தையும் திரும்புவது, விரலே நீட்டாமல் கண்ணால் மட்டும் பின்தொடர்வது, இதுவும் ஜாயின்ட் அட்டென்ஷன்தான். 1975 இல் உளவியலாளர்கள் ஸ்கேஃபும் புரூனரும் நேச்சர் இதழில் எழுதியதே பார்வையைப் பின்தொடர்வது பற்றித்தான். 'காட்டிக்காட்டல்' என்றால் அந்தப் பாதி வெளியே போய்விடும். எம்-சேட்டின் முதல் கேள்வியில் காட்டுவது யார்? பெற்றவர். பார்க்க வேண்டியதுதான் குழந்தை.

ச.ம., யாழ்ப்பாணம். வியாழன் பகல்

க.வே. சொல்வது சரி. எனக்கு 'சேர்ந்து கவனித்தல்' போதும். சொல் எதுவானாலும் இந்த ஒன்றை மட்டும் பெட்டி கட்டிப் போடுங்கள்: ஒரு அடையாளத்தை வைத்து ஓட்டிசம் என்று யாரும் சொல்லக்கூடாது, ஒன்றரை வயதிலும் காட்டாத பிள்ளையைப் 'போகப் போகச் சரியாகும்' என்று வீட்டிலும் வைத்திருக்கக்கூடாது. காதுப் பரிசோதனை, அப்புறம் வளர்ச்சிப் பரிசோதனை, இரண்டுக்கும் அனுப்ப வேண்டும். முன்பு காட்டிக்கொண்டிருந்த பிள்ளை நிறுத்திவிட்டாலும் அனுப்ப வேண்டும்.

த.செ., திருச்சி. வியாழன் இரவு 11 மணி

பெட்டி கட்டியாகிவிட்டது, ஓட்டிசமும் முதல் பக்கத்தில் இருக்கிறது. அத்தியாயத் தலைப்பு 'காட்டுகிறதா, பார்க்கிறதா?' உள்ளே ஓடும் எழுத்தில் 'சேர்ந்து கவனித்தல்'. பின்பக்கச் சொற்பட்டியலில் இணைக்கவனம். இது முடிவு இல்லை, எனக்குத் தூக்கம் வருகிறது. விரல் இரண்டும் டீச்சர் சொன்னபடியே. ஆட்டிசம் ஆட்டிசமாகவே இருக்கிறது. ஐயா, மூவிடநோக்குக்கு இந்தப் பதிப்பில் இடமில்லை. கோப்பை அனுப்பிவிட்டேன்.

புலவர், கும்பகோணம். வெள்ளி விடியற்காலை

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அது போகட்டும், சொற்பட்டியலில் 'இணைக்கவனம்' என்று ஒற்று மிகுத்து அச்சிடுகிறீர்களா? 'இணை' இங்கே வினையடி, இது வினைத்தொகை, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. இணைகோடு, இணைகவனம். அச்சகத்துக்குத் தொலைபேசி செய்ய இன்னும் நேரம் இருக்கிறதா?

க.வே., பெங்களூரு. வெள்ளி காலை

பெயர்ச்சொல் ஐயா. இணை என்றால் ஜோடி. மிகும்.