முத்துநகர் வீடு (குடும்பக் குழு)

நான்: [படம்] அந்தமான் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் கோர்ஸ், அதற்குப் பேக்கிங் ஆரம்பம். மாஸ்க், டார்ச், துண்டு, அப்புறம் நம்முடைய பழைய காம்பஸ். கோர்ஸில் காம்பஸ் பார்த்து நேர்கோட்டில் போய்த் திரும்பி வரும் பயிற்சி உண்டாம்.

அம்மா: சளி மாத்திரை எடுத்து வைத்தாயா

ஜெனி அக்கா: டேய், அது மலைக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவாயே, அந்தக் காம்பஸ்தானே? அதைக் கடலுக்குள் கொண்டு போகாதே.

சித்தப்பா: ஏன், மலைக்கு ஒரு வடக்கு, கடலுக்கு ஒரு வடக்கா?

ஜெனி அக்கா: வடக்கு ஒன்றுதான் சித்தப்பா. அதைக் காட்டுகிற டப்பாதான் வேறு.

நான்: தண்ணீர் புகாது அக்கா. கொழுக்குமலையில் இரண்டு நாள் மழையில் நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஜெனி அக்கா: மழை நனைக்கும், அவ்வளவுதான். கடல் அமுக்கும். 10 மீட்டர் இறங்கினாலே மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு அழுத்தம். ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலை டைவ் கோர்ஸில் 18 மீட்டர் வரை கூட்டிப் போவார்கள். அங்கே கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அத்தை: எனக்கும் புரிகிற மாதிரி சொல்லுடி

ஜெனி அக்கா: அத்தை, உங்கள் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே என்ன அழுத்தமோ, தோராயமாக அதுதான் 10 மீட்டர் ஆழம்.

சித்தப்பா: அப்போ குக்கரில் போட்டுப் பார்த்துவிடலாம்

அத்தை: என் குக்கரைத் தொட்டால் இன்றைக்குச் சோறு கிடையாது

நான்: 😂 அப்போ காம்பஸ் நசுங்கிவிடுமா?

ஜெனி அக்கா: உடனே நசுங்கும் என்று சொல்ல மாட்டேன். உள்ளே எண்ணெய் மாதிரி திரவம் நிரம்பியிருந்தால் அது லேசில் அமுங்காது. வெறும் காற்று இருக்கிற காம்பஸ் என்றால்தான் மூடி உள்வாங்கும், தண்ணீர் புகும். உன்னுடையதில் குமிழி இருக்கிறதா பார்.

நான்: ஒன்று இருக்கிறது. மிளகு அளவு.

ஜெனி அக்கா: அந்தக் குமிழிதான் காற்று. ஆழத்தில் அது சுருங்கும், அதற்கேற்ப மெல்லிய பிளாஸ்டிக் மூடி வளையும். மேலே வந்ததும் பழையபடி. பல முறை இப்படி ஆனால் ஓரத்தில் கசியத் தொடங்கலாம். ஆனால் எனக்கு அது பெரிய கவலை இல்லை. உடைந்து போனால் உடைந்தது தெரியும், தூக்கிப் போட்டுவிடலாம். உடையாமல் தப்பாகக் காட்டும் பார், அதுதான் ஆபத்து.

நான்: எப்படித் தப்பாகக் காட்டும்?

ஜெனி அக்கா: மேசை மேல் சமமாக வைத்து, முள்ளைப் பக்கவாட்டில் குனிந்து பார்.

நான்: [வீடியோ] அட! தெற்கைக் காட்டுகிற வெள்ளை முனை கீழே தொங்குகிறது. லேசாகச் சாய்த்தால் அடியில் உரசி நின்றுவிடுகிறது.

ஜெனி அக்கா: அதை ஜெர்மனியில்தானே வாங்கினாய்? அங்கே காந்தப்புலம் 60 டிகிரிக்கு மேல் சரிந்து தரைக்குள் போகிறது. முள்ளின் வடமுனையைக் கீழே இழுக்கும். அதைச் சமன் செய்யத் தெற்கு முனையில் எடை கூட்டித்தான் செய்வார்கள். நம் பக்கம் காந்த நடுக்கோடு போகிற இடம், புலம் ஏறக்குறையப் படுக்கையாக இருக்கும். இழுக்க ஆள் இல்லாததால் அந்த எடை தெற்கைத் தாழ்த்துகிறது. ஹேவ்லாக்கிலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

சித்தப்பா: தும்பாவில் 1963-இல் ராக்கெட் விட்டதும் இந்தக் கோட்டுக்காகத்தானே!

ஜெனி அக்கா: அதே கோடுதான் சித்தப்பா 👏

ஜெனி அக்கா: அந்தமானில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படி ஒரு மலைக் காம்பஸைக் கையில் கட்டிக்கொண்டு இறங்கினேன். துடுப்புக் காலை அடித்து நீந்தும்போது கை சமமாக நிற்காது. முள் ஆடாமல் அசையாமல் இருந்தது. அடடா, எவ்வளவு நேராகப் போகிறோம் என்று எனக்குப் பெருமை வேறு. மேலே வந்து பார்த்தால் படகு கட்டைவிரல் அளவுக்குத் தெரிகிறது. முள் சிக்கிக் கிடந்திருக்கிறது, நான் வளைந்து வளைந்து போயிருக்கிறேன்.

அம்மா: இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவே இல்லையே நீ

ஜெனி அக்கா: சொன்னால் விட்டிருப்பீர்களா சித்தி

சித்தப்பா: உங்கள் தாத்தா 1961 முத்துக்குளிப்பில் இறங்கினார். என்ன காம்பஸ் வைத்திருந்தார்? மாதா கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒரே கோட்டில் பிடித்தால் முத்துச்சிப்பி கிடக்கிற கடலடிப் பார் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஜெனி அக்கா: தாத்தா கல்லைப் பிடித்து நேராக இறங்கி, ஒரே மூச்சில் நேராக ஏறினார். கோபுரம் பார்த்தது படகில் உட்கார்ந்து. நாங்கள் முக்கால் மணி நேரம் அடியிலேயே பக்கவாட்டில் போகிறோம். கோபுரமும் தெரியாது பனையும் தெரியாது. கலங்கிய நாளில் பக்கத்தில் வருகிறவனே தெரிய மாட்டான்.

சித்தப்பா: அதுவும் சரி

நான்: டைவ் காம்பஸில் மட்டும் முள் சிக்காதா?

ஜெனி அக்கா: அதில் மெல்லிய முள் இருக்காது. எண் எழுதிய தட்டே சுழலும், கொஞ்சம் சாய்த்தாலும் ஓடும். விளிம்பில் ஒரு ஜன்னல் இருக்கும், கையைக் கண்ணுக்கு நேராக நீட்டி அதில் எண்ணைப் படிக்கலாம். இன்னொன்று, உன் முள்ளில் வடக்கு என்ன நிறம்?

நான்: சிவப்பு

ஜெனி அக்கா: தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். 10 மீட்டர் தாண்டினால் அது கருஞ்சாம்பலாகத் தெரியும். உனக்கு மறுமுனை வெள்ளை, அதனால் பிழைத்தாய். சிவப்பும் கறுப்புமாக இருந்தால் எது வடக்கு என்றே குழம்பும்.

நான்: சரி, டார்ச் அடித்துப் பார்த்தால்?

ஜெனி அக்கா: டார்ச்சைக் கிட்டே கொண்டு போனால் முள் திரும்பிவிடும். டைவ் டார்ச் பலவற்றில் ஸ்விட்சே காந்தம். இரும்பு சிலிண்டரும் இழுக்கும், அலுமினியம் பரவாயில்லை. நல்ல காம்பஸுக்கும் இது பொருந்தும். அப்புறம், எந்தக் காம்பஸும் நீ பார்க்கிற திசையைத்தான் காட்டும். நீரோட்டம் உன்னைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவது அதற்குத் தெரியாது.

நான்: புரிந்தது. பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜெனி அக்கா: கோர்ஸுக்கு அவர்களே ஒன்று தருவார்கள். வாங்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அத்தை: அப்படியானால் அந்தக் காம்பஸை எனக்குக் கொடுத்துவிட்டுப் போ. தரகர் கிழக்கு பார்த்த மனை என்று சத்தியம் செய்கிறார், எனக்கென்னவோ தெற்காகத் தெரிகிறது.

நான்: எடுத்துக்கொள்ளுங்கள் அத்தை. ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாருங்கள், முள் சிக்கும்.

ஜெனி அக்கா: போனை மறு கையில் வைக்காதீர்கள் அத்தை. தரகரின் பைக் பக்கத்திலும் நிற்காதீர்கள்.

அம்மா: சளி மாத்திரை எடுத்து வைத்தாயா என்று கேட்டேன்