வாசரேலியின் ஸ்க்ரீன் பிரிண்ட்: ஒரிஜினலா, கையெழுத்துப் போட்ட போஸ்டரா?

கட்டம்:
நண்பர் ஒருவர் பாரிஸில் வாங்கிய, ஓவியர் விக்டர் வாசரேலியின் ஸ்க்ரீன் பிரிண்டை (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தள்ளி அடிக்கும் அச்சு) ஹாலில் மாட்டியிருக்கிறார். 1970-களின் அச்சு. கட்டத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் வேறு நிறம், நடுவில் எல்லாம் வீங்கி ஒரு பந்து வெளியே வருவதுபோல இருக்கும், அந்த வேகா வரிசைப் படம். கீழே பென்சிலில் 112/250, அதாவது 250 பிரதிகளில் 112-ஆவது, வலது ஓரத்தில் கையெழுத்து. "ஒரிஜினல் வாசரேலி" என்கிறார்.

எனக்கு ஒப்பவில்லை. மை தள்ளியவர் பட்டறை ஆள். வாசரேலி தொட்டது பென்சிலை மட்டும்தான். இன்னும் 249 பேர் வீட்டில் தொங்குவதை எப்படி ஒரிஜினல் என்பது? நான் இதை உயர்தரப் போஸ்டர் என்றுதான் சொல்வேன்.

நீலாம்பரி:
கட்டம், வாசரேலி விஷயத்தில் இந்தக் கேள்வியே செல்லாது. 1906-இல் ஹங்கேரியின் பேச் நகரில் பிறந்தவர். மருத்துவம் படிக்கப் போய் அதை விட்டுவிட்டு, புடாபெஸ்டில், ஜெர்மனியின் பௌஹாஸ் வடிவமைப்புப் பள்ளியின் வழியில் நடந்த ஒரு பள்ளியில் வடிவமைப்பு கற்றார். 1930-இல் பாரிஸ் வந்ததும் பிழைப்புக்கு விளம்பர வரைகலை. அதாவது முதல் நாளிலிருந்தே அச்சுக்காக யோசித்தவர்.

1955-இல் பாரிஸின் டெனிஸ் ரெனே கேலரியில் நடந்த 'இயக்கம்' கண்காட்சியின்போது மஞ்சள் தாளில் வெளியான அறிக்கையிலேயே, படைப்பு பல பிரதிகளாகப் பரவ வேண்டும் என்று எழுதிவிட்டார். பிறகு ஒரு சதுரம், அதற்குள் ஒரு வட்டமோ நீள்வட்டமோ என்று சின்னச் சின்ன அலகுகளை வகுத்து, எந்த அலகு எங்கே, எந்த நிறம் எத்தனையாவது சாயல் என்று திட்டம் போட்டுக் கொடுத்தார். நிரப்பியது உதவியாளர்கள். அந்தத் திட்டம்தான் படைப்பு. கட்டடக் கலைஞர் செங்கல் அடுக்கவில்லை என்று யாராவது குறை சொல்கிறோமா?

ஸ்குவீஜி செல்வம்:
நான் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, ஸ்டிக்கர், பனியன் எல்லாம் அடிக்கிறோம். ரெண்டு பேரும் ஓவியரையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அடித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். வேகா மாதிரிப் படத்தில் ஒரே நீலம் ஐந்தாறு சாயலில் வரும், ஒவ்வொன்றுக்கும் தனி மை கலக்க வேண்டும், ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. அதற்குள் ஈரக்காற்றில் தாள் கொஞ்சம் விரிந்தால் போச்சு, ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது நிறத்தோடு நிறம் பொருந்துவது, தள்ளிவிடும். இரண்டு நிறத்துக்கு நடுவே முடி அளவு வெள்ளைக் கோடு தெரிந்தாலே அந்தப் பந்து வீங்காது, தட்டையாகிவிடும். வாசரேலிக்கும் அந்த வட்டத்தில் பலருக்கும் 1950-களில் அச்சடித்துக் கொடுத்தவர் கியூபாவிலிருந்து பாரிஸ் வந்த விஃப்ரெடோ அர்க்காய். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கட்டம் தம்பி, அடுத்த முறை போகும்போது ஒரு லென்ஸ் கொண்டு போங்கள். புத்தகம், போஸ்டர் அடிக்கும் ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த நகல் என்றால் நான்கு நிறப் புள்ளிகள் பூப்பூவாகத் தெரியும். ஸ்க்ரீனில் இப்படித் தட்டையாக அடித்த நிறத்தில் புள்ளியே இருக்காது. தாளை வெளிச்சத்தில் சாய்த்தால் ஒரு மைமேல் இன்னொன்று ஏறிய ஓரம் மெல்லிய மேடாகத் தெரியும்.

கட்டம்:
செல்வம் அண்ணா, நீங்கள் என் கட்சிக்குத்தான் பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறீர்கள். இவ்வளவு உழைத்தவர் பெயர் தாளில் எங்கே? அங்கே ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கிறது.

அந்த 250 கதையையும் பார்ப்போம். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அடிக்கும் அச்சில் தகடு சீக்கிரம் தேயும், முதல் பிரதிகள் கூர்மையாக இருக்கும், அதனால் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஸ்க்ரீனில் அப்படி என்ன தேய்கிறது? 5-ஆம் பிரதியும் 205-ஆம் பிரதியும் ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் அடிக்க முடிந்ததை 250-இல் நிறுத்தியது விலைக்காக. எல்லோருக்கும் கலை என்று அறிக்கை விட்டவர் ஏன் எண்ணி நிறுத்தினார்? நீலாம்பரி இதற்குப் பதில் சொல்லட்டும்.

நீலாம்பரி:
சொல்கிறேன். கேலரி வாடகை அறிக்கையால் கட்டப்படுவதில்லை. எண் போட்டு விற்றது சமரசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லையே. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸுக்குப் போஸ்டர் செய்தார். அதே ஆண்டு மகன் இவரலுடன் சேர்ந்து ரெனோ காரின் வைரச் சின்னத்தை வடிவமைத்தார். தெருவில் ஓடிய ஒவ்வொரு ரெனோவிலும் எண்ணில்லாத, கையெழுத்தில்லாத வாசரேலி இருந்தது!

கட்டம்:
அப்படியானால் அதைத்தான் ஒரிஜினல் என்று கொண்டாட வேண்டும், ஹாலில் தொங்குவதை அல்ல :) சதுரங்களையே வரைந்த ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸைப் பாருங்கள். 1972-இல் 127 ஸ்க்ரீன் பிரிண்ட்கள் கொண்ட தொகுப்பு வெளியிட்டார், 1000 செட். தனித்தனித் தாளில் கையெழுத்து கிடையாது. அதுதான் நேர்மை.

நீலாம்பரி:
ஆல்பர்ஸைப் பாதிதான் சொல்கிறீர்கள். அவருடைய சதுரத்துக்குள் சதுரம் வரும் எத்தனையோ பிரிண்ட்களில் பென்சில் கையெழுத்தும் எண்ணும் இருக்கின்றன. அந்த 127 வெளிவந்ததிலும் ஐவ்ஸ், சில்மன் என்ற இருவரின் பங்கு இருக்கிறது. வாசரேலியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

இன்னொன்று. வாசரேலியின் கான்வாஸைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தூரிகைத் தடம் தெரியும் இடத்தில் மாயம் சற்றுக் கலைகிறது. பிரிண்டில் அந்தத் தொந்தரவே இல்லை, கை தெரியாத தட்டையான மை. என்னைக் கேட்டால் வேகாவுக்குப் பொருத்தமான உடம்பு ஸ்க்ரீன் பிரிண்ட்தான், கான்வாஸ் இரண்டாவது.

கட்டம்:
இது ஒரு நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கை தெரியாததுதான் அழகு என்றால், ஓரத்தில் கை தெரிகிற மாதிரி ஒரு பென்சில் கையெழுத்து எதற்கு? அதை எடுத்துவிட்டால் விலை என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போதாக்குறைக்குச் சந்தையில் போலிக் கையெழுத்து வேறு.

ஸ்குவீஜி செல்வம்:
விலையை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தால் முதலில் இடம் மாற்றச் சொல்லுங்கள். வெயில் பட்டால் பளிச் நிறங்கள்தான் முதலில் போகும். பின்னால் சாதாரண அட்டை வைத்துச் சட்டம் போட்டிருந்தால் அதையும் கழற்றி அமிலமில்லாத அட்டை போடுங்கள், இல்லையென்றால் தாள் பழுப்பேறும்.

கட்டம்:
ஜன்னலுக்கு நேர் எதிரேதான் அண்ணா. சொல்கிறேன். லென்ஸும் கொண்டு போகிறேன். புள்ளி தெரிந்தால் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன். தெரியாவிட்டாலும் கையெழுத்து விஷயத்தில் என் கட்சி மாறாது.