ஜீப்ராவுக்கு ‘ஒளிவரி’ சரிப்படுமா?

வணக்கம்.

வீடியோ கேமரா சொற்களைத் தமிழாக்கும் நம் பட்டியலில் ஜீப்ராவுக்கு, அதாவது கேமரா திரையில் வெளிச்சமான இடங்களின்மேல் ஓடும் சாய்ந்த கோடுகளுக்கு, ‘வரிக்குதிரைக் கோடு’ என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். கோடு வரிக்குதிரை மாதிரி இருக்கிறது என்பது சரி. அது எதற்கு வருகிறது என்பது புதிதாகக் கேமரா பிடிப்பவருக்குப் பிடிபடாதே!

போன மாதம் அக்கா மகனுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். உச்சி வெயிலில் அவன் தாத்தா வெள்ளை வேட்டியோடு நிற்கிறார். திரையில் வேட்டி முழுக்கச் சாய்ந்த கோடுகள் ஊர்கின்றன. “மாமா, இது படத்திலயும் விழுமா?” என்று பதறிவிட்டான். விழாது, நமக்கு மட்டும் தெரிகிற எச்சரிக்கை என்று சொல்லி, ஐரிஸை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) மெல்ல மூட வைத்தேன். கோடு போட்ட இடம் சுருங்கிச் சுருங்கி, வேட்டியின் மடிப்புகள் தெரிய ஆரம்பித்தன.

ஒளி மிகுந்து இப்படி மடிப்பே தெரியாமல் போவதைத்தான் கல்யாண வீடியோக்காரர்கள் ‘வெளுத்துப் போச்சு’ என்பார்கள். அதனால் ‘வெளுப்புக்கோடு’ என்றே முதலில் எழுதி வைத்தேன். அப்புறம்தான் இடித்தது. ஜீப்ராவை 100 விழுக்காட்டு ஒளியளவில் வைத்தால் வெளுக்கப்போகும் இடத்தைக் காட்டும். 70இல் வைத்தால் முகத்தில் ஒளி படும் பகுதி போதிய அளவுக்கு வந்துவிட்டதா என்று காட்டும். அங்கே எதுவும் வெளுக்கவில்லை. (அந்த 70கூட வெள்ளைத் தோலை வைத்து வந்த பழக்கம். கறுத்த முகத்தில் கோடு விழும்வரை ஐரிஸைத் திறந்தால் சட்டை வெளுத்துப் போய்விடும். நான் 60க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.)

ஆக, குறிப்பிட்ட ஒளியளவை எட்டிய இடத்தில் வரி போடுகிறது, அவ்வளவுதான். ‘ஒளிவரி’ என்று வைக்கலாமே? மெனுவில் அடங்கும், ‘ஒளிவரி 70’, ‘ஒளிவரி 100’ என்று எண்ணோடும் ஒட்டும். சொத்துவரி, தொழில்வரி வரிசையில் சேர்ந்துவிடும் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். வரிக்குதிரையை வரி கட்டும் குதிரை என்று இதுவரை யாரும் நினைத்ததில்லை. ‘ஒளிக்கீற்று’ வேண்டாம், அது கூரை ஓட்டை வழியே விழுகிற வெளிச்சம்.

பட்டியலில் அடுத்து நிற்பது பீக்கிங். ஃபோகஸ் ஆன பொருளின் ஓரத்தில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மினுங்குமே, அது. ‘விளிம்புக்காட்டி’ என்று தோன்றுகிறது. ஆனால் ஃபோகஸ் என்ற பொருள் அதில் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.