கோக்காவுக்கு இவ்வளவு மரியாதையா! உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கம்மவான்பேட்டைக்காரன்:
பட்டாளத்தில் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சித் திடலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், சுட்டு முடித்ததும் அடுத்த வேலை கோக்கா பொறுக்குவது. சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடுதான் கோக்கா. கணக்கில் ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் புல்லுக்குள் குனிந்து தேட வேண்டும். எண்ணி ஒப்படைத்துவிட்டால் நம் சோலி முடிந்தது.

ஓய்வுக்குப் பிறகு டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதே கோக்காவில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிச் சுடுவதற்காக, அதைப் பேரப்பிள்ளை மாதிரி கவனித்துக்கொண்டிருந்தார். அவருடைய ரைபிள் .30-06 ஆக்லி இம்ப்ரூவ்டு, அதாவது .30-06 என்ற தோட்டா வகையின் மாற்றி அமைத்த வடிவத்துக்கானது. கூடு கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்தான் தோள். சாதாரண .30-06 கூட்டின் தோள் 17.5 டிகிரி சரிவு, இதில் 40 டிகிரி. சாதாரணக் கூட்டையே இதில் போட்டுச் சுடுகிறார். அழுத்தத்தில் பித்தளை உப்பி, சேம்பர் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை) சுவரில் ஒட்டி, புது உருவத்தோடு வெளியே வருகிறது. இதற்குப் பெயர் ஃபயர்ஃபார்மிங்.

சுடுவதற்கு முன்பே பாதி நாள் போய்விடும். நீளம் அளப்பது, வாயோரப் பிசிர் எடுப்பது, அடியில் நெருப்பு நுழையும் துளையின் உள்பிசிரைச் சுரண்டுவது... பொறுமைசாலி மனுஷன்.

ஒன்றில்தான் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. புதுக் கூட்டை வைத்து, பின்னால் அடைக்கும் போல்ட்டை மூடும்போது லேசாக இறுக வேண்டும். தொளதொளவென்று இருந்தால், சுடும்போது கூட்டின் மெல்லிய முன்பக்கம் சுவரைப் பிடித்துக்கொள்ளும், அடி மட்டும் பின்னால் தள்ளப்படும். நடுவில் இருக்கும் பித்தளை இழுபட்டு மெலியும். நுனி வளைத்த கம்பி ஒன்றைக் கொடுத்து ஒரு பழைய கூட்டுக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னார். வெளியே பளபளவென்றுதான் இருந்தது. அடிக்குச் சற்று மேலே மட்டும் கம்பி டக்கென்று ஒரு பள்ளத்தில் மாட்டியது. அதை வாங்கி, குறடால் நசுக்கிப் போட்டுவிட்டார்.

ஆற்காடு பித்தளைப் பட்டறை:
ஐயா, எங்கள் அப்பா குடம் தட்டுவார். தட்டத் தட்டப் பித்தளை இறுகும், சூடு காட்டினால் இளகும். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் வந்தால் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைப்பார்களாம், எடுத்துப் பார்த்தால் கூடு விரிசல் விட்டிருக்குமாம். குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், இழுத்த பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்த வினை என்று 1921இல்தான் விளக்கினார்கள். உங்கள் பெரியவர் கூட்டை முழுசாகவா சூடாக்குவார்?

கம்மவான்பேட்டைக்காரன்:
இல்லை தம்பி, கழுத்தும் தோளும் மட்டும். அடி இளகினால் ஆபத்து, அழுத்தத்தைத் தாங்குவதே அதுதான். அமெரிக்கப் பட்டாளக் கூடுகளில் அந்தச் சூட்டுக் கறையைத் துடைக்காமலே விட்டிருந்ததையும் காட்டினார்.

காட்பாடி வாசகர்:
இதை இங்கே செய்யலாமா சார்?

கம்மவான்பேட்டைக்காரன்:
ஆயுதச் சட்டம் 1959 இருக்கிறதே! தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால் போதாது.