கடும் பனிப்பொழிவுக்கு மறுநாள் அன்னபூர்ணா பாதையில் நடக்கலாமா?

வாசன், வெள்ளவத்தை:
வணக்கம். நானும் அலுவலக நண்பர்கள் மூவரும் மார்ச் மாத முற்பகுதியில் நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாம் (4,130 மீற்றர்) வரை நடக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். எங்களில் ஒருவரும் பனியை நேரில் கண்டதில்லை. சிவனொளிபாத மலைதான் நாங்கள் ஏறிய மிக உயர்ந்த இடம். எவ்வளவு பனி பெய்தாலும் மறுநாள் வெயில் வந்துவிட்டால் புறப்படலாம் என்று பயண முகவர் சொல்கிறார். திரும்பும் விமானச் சீட்டின்படி எங்களிடம் ஒரே ஒரு நாள்தான் மேலதிகமாக இருக்கிறது. அம்மா மிகவும் பயப்படுகிறார். முகவர் சொல்வதை நம்பலாமா?

சூரிச்சிலிருந்து திரும்பியவர், பம்பலப்பிட்டி:
தம்பி, அந்த வார்த்தையை நம்ப வேண்டாம். பதினைந்து ஆண்டுகள் சுவிற்சர்லாந்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கடும் பனிக்கு அடுத்த வெயில் நாளில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். புதிய பனி பழைய பனியோடு இறுகிப் பிடிக்க ஓரிரு நாட்களாவது வேண்டும். அதற்குள் காற்று அதை அள்ளி மறுபக்கச் சரிவில் குவித்திருக்கும், வெயிலும் ஏறினால் 30 பாகைக்கு மேற்பட்ட எந்தச் சரிவும் கழன்று வரலாம். அங்கே டாவோஸில் உள்ள ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து நிலைகளாக அறிவிக்கும். நீங்கள் போகும் பாதையில் அப்படியொரு அறிவிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

உங்கள் பாதையில் எனக்குக் கவலை தருவது தேவ்ராலியை ஒட்டிய பள்ளத்தாக்குத்தான். நடக்கும் வழி கடினமில்லாததாகவே தோன்றும். ஆனால் பனி திரள்வது தலைக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத ஹியுன்சுலி மலைச் சரிவுகளில். 2020 ஜனவரி 17 அன்று, கடும் பனிப்பொழிவுக்குப் பின், தேவ்ராலிக்கு அருகே தென்கொரிய ஆசிரியர்கள் நால்வரும் நேபாளியர் மூவரும் பனிச்சரிவில் சிக்கினார்கள்.

மலையகத்தான், கொட்டாஞ்சேனை:
மண்சரிவை அறிந்த எங்களுக்கு இது புதிதல்ல. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தாலே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடும்; 150ஐத் தாண்டினால் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும். மழை விட்டதும் லயத்துக்குத் திரும்பலாமா என்று எங்கள் ஊரில் கேட்டால் பெரியவர்கள் விடமாட்டார்கள். பனிக்கும் அதே பொறுமை வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு: பனிச்சரிவை நடப்பவரின் பாரமே கிளப்பிவிடலாம்.

இன்னொன்று. 2014 ஒக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹூட்ஹூட் சூறாவளி, இரண்டு நாள் கழித்து அதே அன்னபூர்ணா வட்டாரத்தின் தோரோங் கணவாயில் பெரும் பனியாகக் கொட்டி, நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மார்ச்சில் சூறாவளி அரிது, மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்களே பனியைக் கொண்டுவரும். ஆகவே வானிலையை காத்மாண்டுவிலிருந்தே பார்த்துக்கொண்டு போங்கள்.

வாசன்:
இருவருக்கும் நன்றி. புதையுண்டவரைக் கண்டுபிடிக்கும் கருவிகளை வாடகைக்கு எடுத்தால் போதாதா?

சூரிச்சிலிருந்து திரும்பியவர்:
சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்து, நால்வரும் பழகியிருந்தால்தான் பயன். பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிடும். பொக்காராவிலிருந்து ஹெலிகொப்டர் வரும்வரை அந்த நேரம் காத்திருக்காது. கருவிக்குச் செலவிடும் பணத்தை விமானச் சீட்டின் திகதியை மாற்றச் செலவிடுங்கள். பனி பெய்தால் தேவ்ராலிக்குக் கீழே உள்ள டோவானிலோ அதற்கும் கீழேயோ தங்குங்கள். மேலிருந்து இறங்கி வருபவர்களிடமும் விடுதிக்காரர்களிடமும் கேளுங்கள். பாதை சரியென்று உறுதியானால் வெயில் சரிவில் படுமுன்னே, ஒருவர் பின் ஒருவராக நல்ல இடைவெளி விட்டு, படம் எடுக்க நிற்காமல் கடந்துவிடுங்கள்.

வாசன்:
சீட்டின் திகதியை நான்கு நாட்கள் தள்ளிவிட்டோம், அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அதற்குள்ளும் வழி திறக்காவிட்டால் பூன் மலைக்குப் போகலாமா?

மலையகத்தான்:
தாராளமாக. அது 3,210 மீற்றர்தான், பெரும்பாலும் காட்டு வழி, தலைக்கு மேல் ஹியுன்சுலி போன்ற சரிவு இல்லை. கற்படிகளில் பனி உறைந்து வழுக்கும். சப்பாத்தில் மாட்டும் இரும்புப் பல் பட்டிகளை காத்மாண்டு தமேல் கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள்.