ஒரு பக்கம் மட்டும் பாடிய ஆம்ப்ளிஃபயர்

அப்பா 1978-இல் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இன்னும் என்னிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் இடது பக்கம் அவ்வப்போது அடங்கத் தொடங்கியது. ஒலியைக் குறைத்து வைத்தால் இடது ஸ்பீக்கர் முனகும். வால்யூமைத் திடீரென்று ஏற்றினால் ‘டக்’ என்று முழுச் சத்தமும் திரும்பும். நோய் இன்னதென்று கருவி முதல் நாளே சொல்லிவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை.

பழைய கருவி என்றால் கண்டென்சர் (மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) உள்ளே காய்ந்திருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எதையும் அளந்து பார்க்காமல், பலகையில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்களையும் ஒரே இரவில் மாற்றினேன். மின்வழங்கிப் பகுதியில் ஒன்றை முனை மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். அன்று காப்பாற்றியது 60 வாட் குண்டு பல்புதான். மின்சாரம் உள்ளே போகும் கம்பியில் அதைத் தொடராக இணைத்திருந்தேன். கருவி சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். என்னுடையதோ பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தது. உடனே அணைத்தேன். பல்பு இல்லாமல் நேராகச் செருகியிருந்தால் அந்தக் கண்டென்சர் வெடித்திருக்கலாம்.

முனையைச் சரிசெய்த பிறகும் இடது பக்கம் முன்போலவே அடங்கியது. இப்போது கூடுதலாக ஒரு பயம்: இது பழைய கோளாறா, நான் உண்டாக்கிய புதுக் கோளாறா? கழற்றிய கண்டென்சர்களைப் பிறகு மீட்டரில் வைத்துப் பார்த்தேன். இரண்டைத் தவிர மற்றவை நல்ல நிலையில்தான் இருந்தன.

அதன்பிறகுதான் முறையாகத் தேடினேன். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஒலிச் சமிக்ஞையைத் தயார்செய்யும் முன்பகுதியையும் (ப்ரீஆம்ப்) ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதியையும் இணைக்கும் சிறு உலோகப் பாலங்கள் பின்புறத்தில் இருக்கும். அவற்றைக் கழற்றி, கேபிள் கொண்டு இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிக் கொடுத்தேன். கோளாறு முன்பகுதியில் இருந்தால் வலது ஸ்பீக்கருக்கு இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, இடதிலேயே நின்றது. ஆக, பவர் பகுதியிலோ அதற்குப் பிறகோதான் பிரச்சினை. பவர் பகுதிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ரிலே என்ற மின்சுவிட்ச் இருக்கிறது. அதற்கு முன்னால் இரு பக்கமும் நேர்மின்னோட்ட (DC) மின்னழுத்தத்தை அளந்தேன். ஏறக்குறைய 20 மில்லிவோல்ட்தான் இருந்தது, கவலைப்பட வேண்டாத அளவு. டிரான்சிஸ்டர்கள்மீது இருந்த சந்தேகம் நீங்கியது.

மிஞ்சியது ஸ்பீக்கரைப் பாதுகாக்கும் அந்த ரிலே. சுவிட்சைப் போட்டுச் சில நொடிகளில் ‘கிளிக்’ என்று ஒலி கேட்கிறதே, அதுதான். அதன் தொடுமுனைகள் கறுத்துப் போயிருந்தன. சிறிய சமிக்ஞை அந்தப் படலத்தைத் தாண்டாது. பெரிய சமிக்ஞை உடைத்துக்கொண்டு போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த கனத்த தாளை முனைகளுக்கு இடையே வைத்து மெதுவாக இழுத்தேன். மூன்றாவது தாள் வெள்ளையாக வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மேற்பூச்சு போய்விடும். முனைகளில் குழி விழுந்திருந்தால் ரிலேயையே மாற்றுங்கள்.

திறக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டென்சர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, மீட்டரில் உறுதி செய்துகொண்ட பிறகே கை வையுங்கள். பயாஸ் திருகுகளை (வெளியீட்டு டிரான்சிஸ்டர்களில் ஓடும் அடிப்படை மின்னோட்டத்தை அமைப்பவை) சும்மா திருப்பிப் பார்க்காதீர்கள். பழைய திருகின் உள்முனை ஒரு கணம் தொடர்பு விட்டாலே வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகக்கூடும்.

இரைச்சலையும் காதால் பிரித்தறியலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் கருவியில் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால் முதலில் வடிகட்டிக் கண்டென்சரைப் பாருங்கள். அதைவிடக் கனத்த 50 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் எர்த் இணைப்போ கேபிள் உறையோ காரணமாக இருக்கும்.

இப்போது மேசையில் இருப்பது ஒரு கேசட் டெக். பெல்ட் உருகித் தாராகிவிட்டது. விரல்களில் ஒட்டிய கறுப்பு இரண்டு நாளாகியும் போகவில்லை. சக்கரங்களின் பள்ளங்களை ஆல்கஹாலும் பஞ்சுக்குச்சியும் கொண்டு துடைத்துவருகிறேன். புதிய பெல்ட் போட்டதும் 3150 ஹெர்ட்ஸ் சோதனை நாடாவை ஓட்டி வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். இம்முறை கண்டென்சர் எதையும் தொடவில்லை.