தரங்கம்பாடிச் சுவர் மாதிரி காரைப் பூச்சு: கிருஷ்ணகிரி பழைய வீட்டுக்குக் கலவை என்ன?

பழையபேட்டைக்காரன்:
தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டை 1620-ல் கட்டினது, கடலைப் பார்த்தே நிக்குது. கிருஷ்ணகிரியில எங்க வீடும் செங்கலும் சுண்ணாம்பும்தான். கீழ் மூணடிக்கு சிமெண்ட் பூசினாங்க, அந்த இடம் மட்டும் உப்பு பூத்து உதிருது. கடலே இல்லாத ஊர்ல உப்பு எப்படி? திரும்பக் காரை (சுண்ணாம்புக் கலவை) பூச அளவு சொல்லுங்க.

தருமபுரி மேஸ்திரி:
உப்பு மண்ணிலயும் நிலத்தடி நீரிலயும் இருக்குங்க. ஈரம் அதைக் கரைச்சுக்கிட்டு செங்கல் வழியா மேலே ஏறும். காரைன்னா ஈரம் வெளிய ஆவியாயிடும். சிமெண்ட் அதை அடைச்சிடும். உப்பு பூச்சுக்குப் பின்னாடியே படிகமாகி, பூச்சைத் தள்ளி, செங்கலையும் பொடியாக்கும். சுத்தியல் பிடியால தட்டுங்க, உள்ள வெறுமையா இருக்கிற மாதிரி சத்தம் வர்ற இடமெல்லாம் கழண்டதுதான். ஈரக்கோட்டுக்கு மேல ஒன்றரை அடி வரைக்கும் சிமெண்டை எடுத்துடுங்க. செங்கலுக்கு நடுவுல இருக்கிற இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டி, உப்பை உலர் பிரஷ்ஷால தேய்ச்சுக் கூட்டி அள்ளணும். தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு மறுபடி உள்ளதான் போகும்.

காரைக் கரணை:
அளவு: சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, ஆத்து மணல் 2. நீத்த சுண்ணாம்பு (சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணியில போட்டுக் கரைச்சது) தண்ணிக்குள்ளயே 15 நாளாவது ஊறணும். வேகாத துணுக்கு இருந்தா பூசின பிறகு கொப்புளம் வெடிக்கும், அதனால சலிச்சே ஆகணும். சுண்ணாம்பை நீத்தும்போது தண்ணியில கல்லைப் போடுங்க, கல்லுமேல தண்ணி ஊத்தாதீங்க. கொதிச்சுத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்குங்க.

கடுக்காயை நொறுக்கி, 15 லிட்டர் தண்ணிக்கு அரை கிலோ, வெல்லமும் அரை கிலோ போட்டு ஊறவைச்சு வடிகட்டி, அந்தத் தண்ணியில கலவையைக் குழைங்க. வெல்லம் கடத்தூர் சந்தையிலயே வாங்கிக்கலாம். இனிப்பு கூடினா எறும்பு வரும், காரை இறுகவும் நாளாகும்.

சுவரை நல்லா நனைச்சு அரை அங்குலம் பூசுங்க. அது இறுகினதும் ரெண்டாம் பூச்சு மெல்லிசா. பத்து நாள் ஈரச் சாக்கு தொங்கவிடுங்க. இந்த ஊர் வெயில்ல அதை விட்டா மயிரிழை விரிசல் நிச்சயம்.

பழையபேட்டைக்காரன்:
ஆத்து மணல் கிடைக்கலைன்னா எம்-சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்யற மணல்) போடலாமா?

காரைக் கரணை:
போடலாம், ஆனா பூச்சுக்குன்னு தனியா வர்ற பி-சாண்ட் வாங்கி, தூசு போகக் கழுவுங்க. முதல்ல ரெண்டுக்கு ரெண்டு அடி பூசிப் பாருங்க.

கடலோரக் கட்டடம்:
தரங்கம்பாடி போனா 1718 புதிய எருசலேம் ஆலயத்தையும், 1792 நகர வாயிலையும் கிட்ட நின்னு பாருங்க. கடலோரத்துல கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வழக்கம். உங்களுக்குக் கல் சுண்ணாம்பு போதும். காரைக்கு மேல எமல்ஷன் பெயிண்ட் மட்டும் வேண்டாம், அதுவும் மூச்சை அடைக்கும். வெள்ளையடிச்சாப் போதும். வெளிச்சுவரை ஒட்டித் தண்ணி தேங்கினா முதல்ல அதை வடியவிடுங்க, பூச்சு வேலை அதுக்கப்புறம்தான்.